மறியல் நடந்த தெருவும் நடக்காத தெருவும்: 2024 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில் மக்கள் கொதிப்பை அளந்த அனுபவம்

பின்னணி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலூருக்குப் பெரிய அடி விழுந்தது அதற்கு அப்புறம்தான். உள் மாவட்டங்களில் பெய்த மழையால் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் அத்தனையும் கடலூருக்கு வடக்கே தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தை நோக்கி வந்தது. கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஆறு புகுந்தது. மின்சாரம் நின்றது, அதைத் தொடர்ந்து குடிநீரும் நின்றது.

கடலூர் இதையெல்லாம் பார்த்த ஊர். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், 2015 வெள்ளம், 2021 நவம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று இங்கே எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். தானே புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகு உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர் நகரத்தில் மின்கம்பிகளைப் புதைவடங்களாக மாற்றினார்கள். காற்றைத் தாங்க இது நல்ல ஏற்பாடு. தண்ணீர் தேங்கும்போது சிக்கல் வேறு மாதிரி வருகிறது. புதைவடத்திலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் தெருவோரத்துப் பெட்டியான பில்லர் பாக்ஸ் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்து, உள்ளே சேறு துடைத்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் லைன் கொடுக்க முடியும். அவசரப்பட்டுக் கொடுத்தால் உயிர் போகும்.

இந்த ஆய்வில் வரும் பகுதிகள் மூன்று. முதல் பகுதி, பிரதான சாலையை ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு. பெரும்பாலும் தினக்கூலிக் குடும்பங்கள். இரண்டாவது, ஆற்றங்கரையில் உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர். மூன்றாவது, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் நிறையப் பேர் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு நகர். இவற்றின் பெயர்களைச் சொல்லவில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

வேலையில் இறங்கியவர்கள் கல்லூரி ஆசிரியர்கள் இருவர், பணி ஓய்வு பெற்ற மின்துறை ஃபோர்மேன் ஒருவர், ஒரு பகுதிநேரச் செய்தியாளர், மாணவர்கள் சிலர். ஆசிரியர்களில் ஒருவன் நான்.

கேள்வி எப்படி வந்தது

நிவாரணப் பணியில் இருந்த ஓர் அதிகாரி போனில் கேட்டார்: “எந்த இடத்துல பிரச்சினை பெருசாகும்னு முன்னாடியே தெரிஞ்சா டேங்கரை அந்தப் பக்கம் திருப்பலாம் சார். இப்ப மறியல் நடந்த இடத்துக்குத்தான் ஓடிக்கிட்டு இருக்கோம்.”

அவர் சொன்னது நேர்மையான நிலவரம். இருக்கும் டேங்கர்களும் ஜெனரேட்டர்களும் எல்லா இடத்துக்கும் போதாது. எங்கே முதலில் போவது என்பதை மறியலே தீர்மானித்துக்கொண்டிருந்தது. அதனால் மக்கள் கொதிப்பை அளப்பது என்பது எங்களுக்கு ஏட்டுப் படிப்பாக இல்லை. அளவு தப்பினால் தண்ணீர் தப்பான தெருவுக்குப் போகும்.

கையில் இருந்த அளவுகோல்கள்

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் தரவுத்தளங்கள் உண்டு. ஆக்லெட் என்பது ஒன்று. போராட்டம், கலவரம், வன்முறை என்று நிகழ்வு நிகழ்வாக, தேதியும் இடமும் போட்டுப் பதிவு செய்கிறது. இந்தியாவும் அதில் இருக்கிறது. ஜிடெல்ட் என்பது இன்னொன்று; அங்கே செய்திகளைக் கணினியே படித்து வகைப்படுத்துகிறது. இரண்டுமே பெரும்பாலும் ஊடகச் செய்தியை நம்பியவை. செய்தியில் வராத கோபம் அங்கே பூஜ்யம்தான்.

நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். “காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்” என்று தொடங்கும் செய்தி, “அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதையடுத்துக் கலைந்து சென்றனர். இதனால் அப்பகுதியில் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது” என்று முடியும். அந்தச் செய்தியில் உறுதியாக அளக்கப்படுவது போக்குவரத்து நின்ற நேரம் மட்டும்தான். எத்தனை வீட்டில் தண்ணீர் இல்லை, எத்தனை நாளாக இல்லை, ஏன் இல்லை என்பது அபூர்வமாகவே வரும். பஸ் போகாத தெருவில் நடந்தால் அது மறியலே இல்லை, செய்தியும் இல்லை.

மின்துறையிடமும் ஓர் அளவு இருக்கிறது. சைடி என்பார்கள், ஓர் ஆண்டில் சராசரியாக ஓர் இணைப்புக்கு எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை என்ற கணக்கு. சைஃபி என்பது எத்தனை முறை போனது என்பது. 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளிலும் இவை இடம்பெறுகின்றன. ஆனால் இந்த அளவுகளைக் கணக்கிடும் சர்வதேச நடைமுறையில், பேரிடர் நாட்களைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. வழக்கமான பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது தேவைதான். ஆனால் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது அப்படிப் பிரித்து வைக்கப்படும் நாட்களையே.

முதலில் கண்டவை

கையில் கிடைத்த இரண்டு கணக்குகளை வைத்துப் பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. மறியல் கணக்குப்படி முதல் பகுதி கொதித்துக்கொண்டிருந்தது. போன் புகார்களின்படி மூன்றாவது பகுதி மோசம். இரண்டாவது பகுதியான ஆற்றங்கரைச் சிற்றூர் இரண்டு கணக்கிலும் அமைதி.

முதல் பகுதியின் மறியலை நேரில் பார்த்தோம். சாலையின் குறுக்கே பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக அடுக்கி, முனையில் ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர்களே நான்கு குடத்தை நகர்த்தி வழிவிட்டுத் திரும்ப வைத்தார்கள். பேச வந்த இளைய அலுவலர், “சாயங்காலத்துக்குள்ள லைன் வந்துடும்மா, மோட்டார் போட்டுடலாம்” என்றார். முன்வரிசையில் இருந்த அம்மா, “நேத்து வந்தவரும் சாயங்காலம்னுதான் சொன்னாரு தம்பி. எந்தச் சாயங்காலம்னு கேட்டு வச்சிருக்கணும்” என்றார். அங்கே குரல் உயர்ந்தது அந்த இடத்தில்தான்.

செய்தியில் அது குடிநீர் மறியல் என்று வரும். ஆனால் அங்கே குழாயில் பழுது எதுவும் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். காரணம் மின்சாரம், தலைப்பு குடிநீர். செய்திகளை மட்டும் வைத்துக் காரணம் பிரித்தால் இப்படி எல்லாமே இடம் மாறிப்போகும்.

அடுத்து டிராக்டரில் ஆற்றங்கரைச் சிற்றூருக்குப் போனோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடும்பங்கள் பள்ளிக்கூட முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்தன. ஆட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள வயதானவர்கள் தங்கிவிட்டார்கள். ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் ஆடுகளோடு இருந்த பாட்டியிடம் மாணவி ஒருத்தி, “யார்கிட்டயாவது சொன்னீங்களா ஆயா?” என்று கேட்டாள். “யார்கிட்டம்மா சொல்றது? போன் செத்து ரெண்டு நாளாச்சு” என்றார். கிணற்றிலும் போர்வெல்லிலும் வெள்ளம் இறங்கியிருந்தது. மழைத்தண்ணீரைப் பிடித்து வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

புகார் எண்ணிக்கையை நம்பும் எந்த அளவுக்கும் இந்தப் பதில் பெரிய அடி. மின்தடை புகார் சொல்லும் கருவியையே அணைத்துவிடுகிறது. செல்போனில் சார்ஜ் இல்லை; டவருக்கு டீசல் தீர்ந்தால் சிக்னலும் இல்லை. இருட்டு நீள நீளப் புகார் குறையும். மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நிலைமை சீராகி வருவதுபோலத் தெரியும்.

மூன்றாவது பகுதியில் இதே விஷயம் இன்னொரு முகத்தோடு இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். வாட்ஸ்அப் குழுவில் அதிகாரிகளின் எண்கள் எல்லாம் உண்டு. முதல் நாள் போன் குவிந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கிய பிறகு அழைப்புகளும் இறங்கின. “அந்தப் பக்கம் இப்ப பரவாயில்லை” என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மின்சாரம் இன்னும் வந்திருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மறியல் எண்ணிக்கையைத் தூக்கி எறியவில்லை. அதைப் படிநிலைகளில் ஒன்றாக வைத்தோம். தெருவில் முணுமுணுப்பு, போன் புகார், கூட்டமாக அலுவலகம் போய்க் கேட்பது, மனு, மறியல், வண்டியையோ ஊழியரையோ சிறைபிடிப்பது, கைகலப்பு என்று ஏறும் படிகள். ஒவ்வொரு தெருவும் காலையிலும் மாலையிலும் எந்தப் படியில் இருக்கிறது என்று மாணவர்கள் குறித்தார்கள். இதோடு நோட்டில் ‘விலகல்’ என்று தனியாக ஒரு பத்தி (நெடுவரிசை) போட்டோம். வீட்டைப் பூட்டிப் போனவர்கள், கேட்பதை விட்டுவிட்டவர்கள் அதில் வருவார்கள். ஆற்றங்கரைச் சிற்றூருக்காகவே சேர்த்த பத்தி அது.

இரண்டாவது முடிவு, சொன்ன சொல்லைப் பதிவு செய்வது. யார் சொன்னார், எப்போது வரும் என்றார், வந்ததா. அந்த அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பத்தி நோட்டில் ஏறியது. மின்தடை எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்துப் பார்த்தபோது, ஒரே அளவு இருட்டில் இருந்த இரண்டு தெருக்களில் ஒன்று கொதிப்பதும் இன்னொன்று பொறுப்பதும் ஏன் என்று விளங்கவில்லை. தவறிய வாக்கை அருகில் வைத்ததும் ஓரளவு விளங்கியது. “எப்போதுன்னு தெரியல, பில்லர் பாக்ஸ்ல இன்னும் தண்ணி நிக்குது” என்று லைன்மேன் உள்ளதைச் சொன்ன தெருவில் திட்டு விழுந்தது, ஆனால் குடம் சாலைக்கு வரவில்லை. மூன்று முறை ‘சாயங்காலம்’ கேட்ட தெருவில் வந்தது.

மூன்றாவது, எதிர்த் தெருவில் விளக்கு எரிகிறதா என்ற கேள்வி. கொதிப்பை இதைவிட வேகமாக ஏற்றிய இன்னொன்றை நாங்கள் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் விளக்கு, இந்தப் பக்கம் இருட்டு என்றால் ‘யாரோ போன் போட்டு வாங்கிட்டாங்க’ என்ற பேச்சு உடனே கிளம்பும். இங்கேதான் எங்கள் ஃபோர்மேன் ஐயா கைகொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பீடர் வரைபடம் போட்டுக் காட்டினார். பீடர் என்பது சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடம். சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு 11 கே.வி. பீடர்களில் இருந்தன. சப்ஸ்டேஷனுக்கு உயிர் வந்ததும் மருத்துவமனையும் குடிநீர் ஏற்றும் நிலையமும் இருக்கும் பீடருக்குத்தான் முதலில் லைன் கொடுப்பார்கள். அந்தப் பீடரில் தொங்கும் வீடுகளுக்கும் சேர்ந்தே வெளிச்சம் கிடைக்கும். சிபாரிசு எதுவும் நடக்கவில்லை. ஆனால் இதை அந்தத் தெருவில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரே அன்று மாலை டீக்கடை முன்னால் நின்று அந்தத் தாளைக் காட்டி விளக்கினார். நம்பாதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் கேள்வி ‘யாரு வாங்குனது’ என்பதிலிருந்து ‘எங்க பீடர்ல என்ன கோளாறு’ என்பதற்கு மாறியதைக் கண்ணால் பார்த்தோம்.

நான்காவது முடிவுதான் எங்களுக்குள் அதிகம் பேசப்பட்டது. நோட்டில் பெயர் கூடாது, முகம் தெரியும் படம் கூடாது, கதவு எண் கூடாது. மறியலில் உட்காருபவர்கள் மீது சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு என்று வழக்குப் பதிவாகலாம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 126 ஆகிய பிரிவுகள் அதற்கு இருக்கின்றன. யார் முன்னால் நின்றார், யார் கோஷம் போட்டார் என்று நாங்கள் எழுதினால், எந்த நல்ல நோக்கத்தில் எழுதினாலும், அது ஒரு வழக்குக்கான பட்டியல். பிறகு அப்படியே ஒரு கோரிக்கை வந்தது. சட்டம் ஒழுங்கு பார்க்கும் தரப்பிலிருந்து ஒருவர், ‘தூண்டுறவங்க யாருன்னு குறிச்சிருப்பீங்களே’ என்று மரியாதையாகவே கேட்டார். தெரு அளவிலான படிநிலையையும், தவறிய வாக்குகளின் பட்டியலையும் கொடுத்தோம். அதற்கு மேல் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை என்ற நிலையை முன்கூட்டியே உண்டாக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. பகுதிகளின் பெயரை இங்கேயும் விடக் காரணம் இதுவே.

நடுவில் நடந்த ஒன்று

டிசம்பர் 3 அன்று விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில், நெடுஞ்சாலையில் மறியல் செய்தவர்களைப் பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. தமிழ்நாடு முழுக்க அன்று அதுதான் பேச்சு. அந்தச் சம்பவத்துக்கும் எங்கள் மூன்று பகுதிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அளவுக்குத் தொடர்பு உண்டு. அன்றிலிருந்து எங்கே கூட்டம் கூடினாலும் கேமரா போனது. சிறிய கூட்டமும் செய்தியானது. செய்தியை எண்ணுபவருக்கு அந்த நாளில் கொதிப்பு திடீரென்று ஏறியது போலத் தெரியும். எங்கள் நோட்டில் அன்றைக்கு முதல் பகுதி ஒரு படி இறங்கியிருந்தது, மோட்டாருக்கு ஜெனரேட்டர் வந்துவிட்டதால்.

பின்விளைவுகள்

தெரு அளவிலான குறிப்பை அந்த அதிகாரியிடம் கொடுத்தபோது, ஆற்றங்கரைச் சிற்றூருக்கு ‘விலகல்’ பத்தியின் கீழ் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தோம். மறியலும் புகாரும் இல்லாத ஊருக்கு டேங்கர் அனுப்புவதை மேலே விளக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் அனுப்பினார். டிராக்டரில் சின்டெக்ஸ் தொட்டி ஏற்றிக் குடிநீர் போனது. செல்போன் சார்ஜ் போட ஒரு சிறிய ஜெனரேட்டரும் கூடவே போனது. இது ஃபோர்மேன் ஐயாவின் யோசனை. சார்ஜ் ஏறிய சில மணி நேரத்தில் அந்த ஊரிலிருந்து போன்கள் வரத் தொடங்கின. புகார் கணக்கில் அந்தப் பகுதி சட்டென்று மேலே போனது. நிலைமை மோசமாகவில்லை, அதுவரை கேட்காத குரல் அப்போதுதான் கேட்டது.

அலுவலகம் ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. நேரம் சொல்வதை நிறுத்தி, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதிப் போடச் சொன்னோம். தண்ணீர் வடியவில்லை, துடைப்பு நடக்கிறது, சோதனை நடக்கிறது, லைன் கொடுத்தாயிற்று. ஓர் அட்டையில் எழுதித் தெருமுனையில் கட்டினார்கள். அதற்கு அப்புறம் அந்தத் தெருக்களில் மறியல் படிக்கு யாரும் ஏறவில்லை. இதற்கு அட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே நாட்களில் தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்கள் தரவு போதாது.

மின்சாரம் திரும்பியதும் கொதிப்பு அடங்கும் என்று பலரும் நினைத்தார்கள். அடங்கவில்லை, காரணம் மாறியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. டோக்கன் கொடுக்கத் தொடங்கியதும் பேச்சு முழுக்கப் பட்டியலைப் பற்றியே. அப்போதுதான் ஆற்றங்கரைச் சிற்றூர் முதன்முறையாகச் சாலைக்கு வந்தது. வெள்ளத்தின்போது முகாமில் இருந்த சில குடும்பங்கள் வீட்டில் ஆள் இல்லை என்று கணக்கெடுப்பில் விடுபட்டிருந்தன. மூன்று பகுதிகளிலும் நாங்கள் பார்த்ததிலேயே கடுமையான வாக்குவாதம் அன்றுதான் நடந்தது. எதிரே நின்ற ஊழியருக்கு அது நிவாரணப் பணத்துக்கான சண்டையாகத் தெரிந்தது. வந்திருந்த பெண்கள் பேசியதில் பாதி, வெள்ளம் வந்த இரவில் யாரும் எட்டிப் பார்க்காததைப் பற்றி. ஒரு பெரியவர் 2021 வெள்ளத்தில் நடந்ததிலிருந்தே ஆரம்பித்தார். அன்றைய செய்தியில் “நிவாரணம் கேட்டு மறியல்” என்று ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரியைத் தரவாக வைத்து, உள்கட்டமைப்புக் கோளாறுக்கும் மக்கள் கொதிப்புக்கும் தொடர்பு தேடினால் எதுவும் கிடைக்காது. கோளாறு நடந்த நாளில் அமைதி, சரியான பிறகு மறியல். இடையில் அந்த மக்களுக்கு சாலைக்கு வர வழி இருந்ததா, கையில் போன் இருந்ததா, தண்ணீருக்குள் இருந்து யாரிடம் கேட்பது என்று தெரிந்ததா என்று பார்க்காமல் அந்த இரண்டு தேதிகளைச் சேர்க்க முடியாது.

அடுத்த முறை மாறவேண்டியவை

புயலுக்கு முன்பே அடிப்படைக் கணக்கு வேண்டும். சாதாரண நாளில் ஒரு தெருவிலிருந்து எத்தனை புகார் வரும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எத்தனை மனு போகும் என்று தெரிந்தால்தான் ஏறியது, இறங்கியது என்று பேச முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே நோட்டைத் திறந்துவிட வேண்டும்.

பீடர் வரைபடத்தைத் தெருவாரியாக எளிமையாக்கி முன்கூட்டியே மக்கள் கையில் கொடுக்க வேண்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ‘உங்கள் தெரு இந்தப் பீடர், மருத்துவமனை அந்தப் பீடர்’ என்ற இரண்டு வரி போதும்.

புகார் எண்ணிக்கையை அப்படியே படிக்காமல், அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் எத்தனை வீட்டில் போன் உயிரோடு இருக்கிறது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். டவர் அணைந்த பகுதியின் பூஜ்யத்தைப் பூஜ்யமாக எழுதக் கூடாது. ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். ஒரு தெருவிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்றால் அன்றைக்குள் ஓர் ஆள் அங்கே நேரில் போக வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

காரணத்தை ஒற்றைச் சொல்லில் குறிப்பதை விட்டு, கூடியவர்கள் முதலில் கேட்டது என்ன, பேச்சு முடியும்போது கேட்டது என்ன என்று இரண்டாக எழுத வேண்டும். குடிநீரில் தொடங்கி மின்சாரத்தில் முடிவதும், நிவாரணத்தில் தொடங்கி மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் முடிவதும் அப்போதுதான் பிடிபடும்.

குறிப்பெடுக்கும் மாணவர்கள் அந்தந்தப் பகுதியிலேயே வசிப்பவர்களாக இருந்தால் நல்லது. ஆற்றங்கரைச் சிற்றூரில் அப்படி எங்களுக்கு யாரும் இல்லை. இப்போது அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் இரண்டு மாணவிகளிடம் பேசியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு நோட்டும் பவர் பேங்க்கும் கொடுக்க முடிவாகியிருக்கிறது. பெயர் எழுதக் கூடாது என்ற விதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம்.